எந்தத் தண்ணிக்குள்ள இறங்கப் போறாய்?

ஆனி மாதம் பிறக்கும்போதே எனக்கு இந்தத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். நல்லூர்த் திருவிழாவுக்கு ரிக்கற் போட்டாயிற்று, பிள்ளைகளும் வருகிறார்கள், இந்தமுறை தீவுப்பக்கம், திருகோணமலை எல்லாம் சுற்றுவதாக எண்ணம், கடலுக்குள்ளும் கொஞ்சம் படம் எடுக்க வேணும். "மச்சான், எந்தக் கமெரா வாங்கட்டும்? உனக்கும் ஒண்டு கொண்டுவரவோ?" கேட்கிறவர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், ஏற்கெனவே யூடியூப்பில் பத்து வீடியோ பார்த்திருப்பார். மாலைதீவிலும் செங்கடலிலும் எடுத்த வீடியோக்கள். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி, தூரத்தில் போகிற ஆமையின் ஓட்டில் உள்ள கோடுகூடத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மெகாபிக்சல் கணக்கோடு வருவார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தண்ணிக்குள்ள இறங்கப் போறாய்?

நக்கலுக்குக் கேட்பதில்லை. நீருக்கடியில் எடுத்த படம் நல்லதா கெட்டதா என்பதை முதலில் முடிவுசெய்வது லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவில் நிற்கிற தண்ணீர்தான். அது எவ்வளவு தூரம், எவ்வளவு கலங்கல், என்ன நிறம் என்று தெரிந்தால்தான் கமெராவைப் பற்றியே கதைக்கலாம்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் எப்படி? யாழ்ப்பாணத்துப் பரவைக்கடல் பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் ஆழமில்லை. பாக்கு விரிகுடாவிலும் அனேகமான பகுதி 15 மீற்றருக்குள்தான். அடியில் மணலும் சேறும் கடற்புல்லும், வடகரையில் சுண்ணாம்புக்கல் பார். ஆழம் குறைவு என்பதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, அது பெரிய வாய்ப்பு. அதே காரணத்தால் கொஞ்சம் காற்று எழும்பினாலே அடிமண் கிளம்பித் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். ஆக, எங்களுக்குக் கமெராவைவிடக் காற்று முக்கியம். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வடகரையைக் குழப்பிவிடும். பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுகிறார்களே, பட்டத்துக்கு அவ்வளவு நல்ல காற்று கமெராவுக்கு ஆகவே ஆகாது. வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. அது தீவுப்பக்கத்தையும் பரவைக்கடலையும் கலக்கும். இரண்டுக்கும் நடுவில், காற்று மாறுகிற பங்குனி, சித்திரைப் பக்கம் சில கிழமைகள் தண்ணீர் அசையாமல் கிடக்கும், அப்போது முழங்கால் ஆழத்தில் நின்றாலே கால் நகம் தெரியும். சங்கு குளிக்கப் போகிற ஒரு சுழியோடி அண்ணையிடம் ஒருமுறை நல்ல இடம் எது என்று கேட்டேன். "இடத்தை விடு தம்பி, காத்து விழட்டும்" என்றார்.

இதில் ஒரு கேலி என்னவென்றால், வெளிநாட்டில் இருந்து எல்லாரும் வருவது ஓகஸ்ட் மாதம், அதாவது நல்ல சோளகத்துக்குள். அப்போது தீவுப்பக்கம் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று தண்ணீருக்குள் படம் எடுக்கப் போகிறேன் என்றால் பச்சைக் கலங்கலைத்தான் எடுக்கலாம். ஓகஸ்டில் வருகிறவருக்கு நான் சொல்வது திருகோணமலை. நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டிலிருந்து தேசியப் பூங்கா, பவளப்பார் கரையோடு ஒட்டியே இருக்கிறது, வைகாசியில் இருந்து புரட்டாதி வரை அங்கே கடல் அமைதி. யாழ்ப்பாணத்துக்குள்ளேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் வடமராட்சிக் கரையைப் பாருங்கள். அந்த நாட்களில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் அங்கே அலை குறைவாக இருக்கும், ஆனால் அதே காற்று மிதக்கிற ஆளையும் வெளியே இழுத்துக்கொண்டு போகும், தனியே இறங்கக் கூடாது. கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தும் பாதிப்பேருக்கு நீந்தத் தெரியாது என்பது எங்களுடைய பழைய வெட்கம். அப்படிப்பட்டவர் கமெராக் காசில் கொஞ்சத்தை எடுத்து முகத்துக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு மாஸ்க் வாங்கி, கீரிமலைக் கேணியில் பத்து நாள் பழகட்டும்.

சரி, தண்ணீர் படத்துக்கு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது நிறம். தண்ணீர் வெளிச்சத்தைக் குடிக்கும், அதிலும் சிவப்பைத்தான் முதலில் குடிக்கும். ஏறக்குறைய 5 மீற்றர் போனால் சிவப்பு போய்விட்டது, பிறகு செம்மஞ்சள், அதற்குப் பிறகு மஞ்சள். இங்கே பலர் தவறவிடுகிற விசயம் ஒன்று இருக்கிறது: அந்த 5 மீற்றர் என்பது ஆழம் மட்டுமில்லை. மேலேயிருந்து மீன்வரை வெளிச்சம் வந்த தூரத்தோடு, மீனிலிருந்து உங்கள் லென்ஸ்வரை வந்த தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 3 மீற்றர் ஆழத்தில் நிற்கிற மீனை 2 மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் கணக்கு 5தான், சிவப்புக்கு ஏறக்குறைய முடிந்த கதை. அதே மீனை ஒரு முழத் தூரத்துக்குக் கிட்டப்போய் எடுத்தால் நிறம் திரும்பி வரும். கமெரா ஒன்றேதான், மாறியது தண்ணீரின் தடிப்பு மட்டும்.

எங்கள் தண்ணீர் நீலமும் இல்லை, பச்சை. மிதக்கிற பாசியும் உக்கிய இலைதழையும் நீலத்தையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவதால் மிஞ்சுவது பச்சைதான். கடைகளிலும் இணையத்திலும் விற்கிற சிவப்பு வடிகட்டி நீலத் தண்ணீருக்குச் செய்தது, பச்சைத் தண்ணீருக்கு வேண்டியது மெஜந்தா. அதுவும் ஆழத்தில்தான். இரண்டு மீற்றருக்குள் நீந்துகிற எங்களுக்கு எந்த வடிகட்டியும் வேண்டாம், அது இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். அதற்குப் பதிலாக, கமெரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிற ரோ (RAW) கோப்பாக எடுக்கிற வசதி கமெராவில் இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டுக்கு வந்து வெள்ளைச் சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை, திருத்தினால் போதும். வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை, மெகாபிக்சலைத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது, ஒளி வளைவது. தண்ணீரின் ஒளிமுறிவுச் சுட்டி 1.33. மாஸ்க் போட்டுப் பார்க்கும்போது எல்லாம் கால்பங்கு கிட்டவும் மூன்றிலொரு பங்கு பெரிதாகவும் தெரிவது அதனால்தான். முதன்முதல் இறங்குகிறவர் நண்டைத் தொடக் கையை நீட்டிப் பாதியில் எட்டாமல் முழிப்பது நல்ல வேடிக்கை. கமெராவுக்கும் அதே நிலை: தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற லென்ஸின் பார்வை ஒடுங்கிவிடும், தரையில் 25 மி.மீ. ஆக வேலை செய்வது தண்ணீருக்குள் 33 மி.மீ. போல நடக்கும். அகலமாகப் பார்க்கிறது என்று சொல்லி விற்ற கமெரா தண்ணீருக்குள் அவ்வளவு அகலமில்லை.

இதற்கு மருந்துதான் அரைக்கோளக் கண்ணாடி, டோம். லென்ஸுக்கு முன்னால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும். பார்வை அகலம் திரும்பக் கிடைக்கும், ஆனால் அது இன்னொரு வேலையும் செய்யும்: தூரத்தில் இருக்கிற பொருளின் தோற்றத்தைக் கிண்ணத்துக்குச் சற்று முன்னால், மிகக் கிட்டவே கொண்டுவந்து நிறுத்திவிடும். லென்ஸ் அந்தக் கிட்டத் தூரத்துக்குக் குவிய வேண்டும். கோப்ரோ என்கிற சின்ன அக்ஷன் கமெரா இருக்கிறதே, அதன் ஆரம்பகால மொடல்களில் இதுதான் பிரச்சினை. அப்போது வந்த நீர்க்காப்புக் கூட்டின் முன்பக்கம் வளைந்திருந்தது, உள்ளே இருந்த லென்ஸோ குவியம் மாற்ற முடியாதது, எனவே தண்ணீருக்குள் எல்லாமே மங்கல். சனம் கமெரா பழுது என்று திட்டியது. பிறகு தட்டைக் கண்ணாடிக் கூடு வந்ததும் அதே கமெரா கூர்மையாக எடுத்தது. எந்தக் கூட்டையும் வாங்குவதற்குமுன் உங்கள் லென்ஸ் எவ்வளவு கிட்டக் குவியும் என்று தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கலங்கல், இதுதான் எங்கள் ஊர்ச் சாபம். மாரிமழைக்குள் மோட்டர் சைக்கிள் ஓடும்போது முன்லைற்றைக் கூட்டிப் போட்டால் பாதை தெரியாமல் துளிகள் மட்டும் வெள்ளையாகப் பறக்குமே, கமெராவோடு ஒட்டியிருக்கிற பிளாஷைக் கலங்கல் தண்ணீரில் அடித்தாலும் அதேதான். ஒவ்வொரு தூசியும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், மீன் அதற்குப் பின்னால் எங்கேயோ. வெளிச்சத்தைப் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அல்லது பிளாஷை அணைத்துவிட்டுச் சூரியனை நம்ப வேண்டும். எங்களுடைய ஆழத்துக்குச் சூரியனே தாராளம். கொஞ்சம் வெளிச்சம் வேண்டுமென்றால் நீருக்கடி ரோர்ச் ஒன்றை மற்றக் கையில் பிடித்து, கையை நல்லாய் விரித்துப் பக்கவாட்டில் அடியுங்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வழி ஒன்றுதான் மிஞ்சும்: தண்ணீரைக் குறை. கிட்டப் போ. ஜூம் பண்ணினால் மீன் பெரிதாகும், நடுவில் இருக்கிற தண்ணீர் அப்படியே இருக்கும். ஆகவே தண்ணீருக்குள் பயன்படுவது இரண்டு வகை லென்ஸ்தான். பெரிய பொருளையும் முட்டுமளவுக்குக் கிட்டப்போய் எடுக்கக்கூடிய மிக அகலமானது ஒன்று, சிறிய பொருளை அங்குலக் கணக்கில் நின்று எடுக்கக்கூடியது மற்றது. கலங்கல் ஊருக்கு இரண்டாவதுதான் சோறு போடும்.

இனிச் சாமான்களுக்கு வருவோம்.

போன். கையில் இருக்கிற போனே ஐபி68, தண்ணீர் புகாது என்கிற தரக்குறி போட்டதுதானே, அதைக்கொண்டு இறங்கினால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். ஐபோன் 12 முதல் வந்த பெரும்பாலானவற்றுக்கு 6 மீற்றர், 30 நிமிடம் என்று போட்டிருக்கும், சாம்சங் காலக்ஸி எஸ் வரிசையில் 1.5 மீற்றர், 30 நிமிடம். இரண்டும் ஆய்வுகூடத்தில், அசையாத நன்னீரில் பார்த்த கணக்கு. உப்புத் தண்ணீருக்கோ அலையடிக்கோ நீச்சலுக்கோ அந்த எண் பேசவில்லை. உள்ளே இருக்கிற பசை காலத்தோடு இளகும், தண்ணீர் போனால் உத்தரவாதமும் இல்லை. இன்னொன்று, தொடுதிரை தண்ணீருக்குள் வேலை செய்யாது. கழுத்தில் தொங்கவிடுகிற பிளாஸ்டிக் பை வாங்கிப் போட்டாலும் இதே சிக்கல்தான், தண்ணீர் பிளாஸ்டிக்கைத் திரையோடு அமத்தும், போன் தன்பாட்டில் எதையாவது திறந்துகொண்டிருக்கும். கரையில் வைத்தே கமெராவைத் திறந்துவிட்டு, சத்தம் கூட்டுகிற பொத்தானால் படம் எடுங்கள். கசூரினாக் கடற்கரையில் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் கும்மாளமடிப்பதை எடுக்க அது போதும், அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

அக்ஷன் கமெராக்கள். கோப்ரோ எந்தக் கூடும் இல்லாமலே 10 மீற்றர் தாங்கும், டிஜேஐயின் ஒஸ்மோ அக்ஷன் 5 புரோ 20 மீற்றர். ஆட்டம் அடக்குகிற வித்தை இரண்டிலும் நல்லாயிருக்கிறது, வீடியோவுக்கு வேறு தேட வேண்டியதில்லை. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் போகிற ஒரு மணித்தியாலப் படகுப் பயணத்தில் அணியத்தில் ஒட்டிவைத்துவிட்டு மறந்துபோகலாம், உப்புத்தண்ணி அடித்தால் அடிக்கட்டும். ஆனால் படம் என்று வரும்போது அவை எல்லாவற்றையும் தூரத்துக்குத் தள்ளிவிடும். ஒரு பாகம் தள்ளி நிற்கிற ஓட்டி மீன் திரையில் அரிசி மணி அளவு. சரி கிட்டப் போவோம் என்றால் ஒரு சாணுக்குள் குவியாது. நல்ல வெயிலும் தெளிந்த நீரும் கூட்டமாய் மீனும் உள்ள புறாத்தீவில் அது ராசா, மண்டைதீவுப் பக்கத்துச் சேற்றில் கையைப் பிசையும்.

அடுத்தது நான் வைத்திருக்கிற வகை, முரட்டுச் சிறிய கமெரா. ஒலிம்பஸ் டஃப் என்று பெயரெடுத்த வரிசை, 2019இல் டிஜி-6, 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற புதுப் பெயரில் டிஜி-7. கணக்கைப் பார்த்தால் யாரும் வாங்கமாட்டார்கள்: 12 மெகாபிக்சல், படம் பதிகிற சென்சரின் அகலம் ஆறு மில்லிமீற்றர் சொச்சம், இப்போது வருகிற போன்களே அதைவிடப் பெரிய சென்சரோடு வருகின்றன. இருந்தும் கூடு இல்லாமல் 15 மீற்றர், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடுகிற எஃப் 2.0 லென்ஸ், ரோ கோப்பு, கால் கிலோ எடை. எல்லாவற்றுக்கும் மேலாக, லென்ஸுக்கு முன் ஒரு சென்ரிமீற்றரில் இருக்கிற பொருளுக்குக் குவிகிற நுண்நோக்கி முறை. சென்சர் சின்னது என்பது இந்த இடத்தில் குறையே இல்லை, குவிய ஆழம், அதாவது முன்னும் பின்னும் கூர்மையாக விழுகிற தூரம், அதிகமாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம், பெரிய சென்சரில் மீனின் கண் கூர்மையாக இருந்தால் மூக்கு மங்கிவிடும்.

எப்படி உதவும் என்று சொல்கிறேன். காரைநகர்ப் பக்கம், முழங்கால் அளவு தண்ணீர், சாதாளை என்கிற கடற்புல்லுக்குள் முகம்குப்புறக் கிடக்கிறேன். தண்ணீர் தெளிவில்லை, இரண்டு மீற்றருக்கு அப்பால் பச்சைச் சுவர். புல்லுக்குள் கட்டைவிரல் அளவு கணவாய்க் குஞ்சு ஒன்று, என்னைப் பார்த்ததும் மணல் நிறத்துக்குப் போய்விட்டது. நான் அசையவில்லை. கமெராவைப் புல்லோடு புல்லாக மெல்ல நகர்த்தி நாலு விரற்கடை தூரத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதற்கு நம்பிக்கை வந்து உடம்பில் வரி ஓடத் தொடங்கியது, டபிள்யூ போல வளைந்த கண்மணி முழுதாகத் திரையில். நாலு விரற்கடைத் தண்ணீரில் எவ்வளவு கலங்கல் இருந்துவிடப் போகிறது? அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மாலைதீவா என்று கேட்டார்கள். (இப்படிப் புல்லுக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடவுங்கள். மணலுக்குள் புதைந்து கிடக்கிற திருக்கை சத்தம் கேட்டு விலகிப் போகும். மிதித்தால் அன்றைய படப்பிடிப்பு ஆஸ்பத்திரியில்தான் முடியும்.)

கமெராவையே நீர்புகாமல் செய்கிற இந்த யோசனை புதிதில்லை. கடலாய்வாளர் கூஸ்தோவுக்காக ஜான் த வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்சோ கமெராவை நிக்கோன் வாங்கி 1963இல் நிக்கோனோஸ் என்று வெளியிட்டது. கூடு இல்லை, றப்பர் வளையங்கள்தான் காவல். 2001 வரை அந்த வரிசை ஓடியது. இன்றைக்கும் காவல் அதே வளையம்தான், ஓ-றிங். அதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் அடி வாங்கியவன் நான்.

முந்தி என்னிடம் ஒரு சிறிய கமெராவும் அதற்குரிய பிளாஸ்டிக் கூடும் இருந்தன. ஒருநாள் கரையில் நின்று பற்றரி மாற்றினேன். கை ஈரம், துவாயால் துடைத்தேன், கூட்டை மூடினேன், கிளிக் என்று பூட்டியது, எல்லாம் சரி. இறங்கி ஐந்து நிமிடத்தில் கண்ணாடியில் ஆவி. வெக்கைக்குத்தான் என்று நினைத்து இன்னும் இரண்டு படம் எடுத்தேன், அந்த இரண்டு படத்துக்குத்தான் என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மேலே வந்து கூட்டைச் சரித்தால் மூலையில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஆடுகிறது. திறந்து பார்த்தபோது வளையத்தின் குறுக்கே துவாயின் ஒரு நூல், அரை அங்குலம் இருக்காது. அந்த நூலோடு நூலாய்க் கடல் உள்ளே வந்திருக்கிறது. நன்னீரில் கழுவி அரிசிக்குள் புதைத்து எல்லாம் பார்த்தாயிற்று (அரிசி ஒன்றும் செய்யாது, அம்மாவுக்குச் சோற்றில் உப்பு மிச்சம் என்று நக்கலடிக்க ஒரு காரணம் கிடைத்தது, அவ்வளவுதான்). மூன்றாம் நாள் உள்ளே பச்சை பூத்துவிட்டது.

இப்போது கரையில் எதையும் திறப்பதில்லை. வீட்டில், மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு, மேசையில் வைத்துத் திறப்பேன். வளையத்தை விரலால் வழித்து எடுத்து, வெளிச்சத்தில் சுற்றிப் பார்த்து, சிலிக்கோன் கிறீஸ் மினுங்குமளவு மட்டும் தடவிப் போடுவேன். கிறீஸ் வளையம் வழுக்கி உட்காருவதற்குத்தான், அப்பிவிட்டால் அதுவே மணலைப் பிடித்து வைத்திருக்கும். கூடு புதிதென்றால் கமெரா இல்லாமல், உள்ளே ஒரு ரிஷூ மட்டும் போட்டு, வாளித் தண்ணீருக்குள் கல் வைத்து அரை மணித்தியாலம் அமத்திப் பாருங்கள், ரிஷூ நனைந்தால் காசு தப்பியது. டிஜி மாதிரிக் கூடில்லாக் கமெராக்களிலும் பற்றரிக் கதவைச் சுற்றி றப்பர் இருக்கிறது, அதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது கம்பனி. ஆழம் சிறிதென்று அலட்சியம் வேண்டாம், தண்ணீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பது உண்மை, ஆனால் ஆழம் கூடும்போது அழுத்தம் வளையத்தை இறுக்கவும் செய்கிறது. ஒழுக்கு அனேகமாக முதல் ஒரு மீற்றரிலேயே, வளையம் இன்னும் தளர்வாக இருக்கும்போதுதான் தொடங்கும்.

ஆவி படிவது தனிக் கதை. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கூட்டை மூடினால் அந்த ஈரக் காற்றையும் உள்ளே பூட்டுகிறீர்கள். கடல்நீர் கண்ணாடியைக் குளிர்த்த, ஈரம் அங்கே போய் படியும். ஏசி அறையில் மூடுவதும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே செருகுவதும் இதற்குத்தான். அதே ஏசி அறையில் இருந்து சும்மா கமெராவை வெளியே கொண்டுவந்தால் வெளிப்பக்கம் ஆவி படியும், பையோடு அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பெரிய கமெராவுக்குக் கூடு போடலாமா? போடலாம், படமும் அருமையாக வரும். ஆனால் ஒரு கூடு ஒரு மொடலுக்குத்தான் பொருந்தும், கமெராவை மாற்றுகிற அன்று கூடும் பரணுக்குப் போகும். கூடு, டோம், இரண்டு பிளாஷ், அவற்றைப் பிடிக்கிற கைகள் என்று சேர்த்தால் கமெராவின் விலையை எப்போதோ தாண்டிவிடும், ஒரு சூட்கேஸும் அதற்கே போய்விடும். வருடத்தில் நாலு நாள் தண்ணீருக்குள் இறங்குகிறவருக்கு இது தேவையா என்பதை அவரவர் மனைவிமாரே முடிவெடுக்கட்டும். மட்டக்களப்புக் கடலில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அதைப் படமெடுக்கப் போகிற ஆளுக்குத்தான் இந்தக் கனமெல்லாம், அந்த ஆளுக்கு என்னுடைய ஆலோசனையும் தேவையில்லை. ஒரேயொரு விதிவிலக்கு, பாதி தண்ணீருக்கு மேலும் பாதி கீழுமாக எடுக்கிற படம். அதற்குப் பெரிய டோம் வேண்டும், கிண்ணம் பெரிதானால்தான் நீர்க்கோடு மெல்லியதாக விழும். கசூரினா போல அலையில்லாத கரை அதற்கென்றே செய்தது. அக்ஷன் கமெராவுக்கே ஆறு அங்குல டோம் விற்கிறார்கள், ஆசையை அதில் தீர்த்துக்கொள்ளலாம்.

தரையில் எடுப்பதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு கமெரா. பலர் இரண்டுக்கும் ஒன்று தேடித்தான் காசைக் கரைக்கிறார்கள். நெடுந்தீவின் குதிரைகள், பெருக்குமரம், பவளக்கல் மதில்கள் எல்லாவற்றுக்கும் நடுத்தரச் சென்சரோடு 18-135 மி.மீ. மாதிரி ஒற்றை லென்ஸ் போதும். படகில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், தெறிக்கிற ஒவ்வொரு துளியிலும் உப்பு இருக்கிறது. பூநாரை எடுக்க வேண்டுமென்றால் 400 மி.மீ.க்குக் குறைந்து பயனில்லை, அதற்குக்கூட 24இல் இருந்து 600 மி.மீ. வரை ஒரே லென்ஸில் போகிற சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 மாதிரி ஒன்று, ஒரு கிலோ சொச்சம், பையைச் சுருக்கும்.

சுழல்முனைவு வடிகட்டி, போலரைசர் என்பார்கள், அதை மட்டும் கட்டாயம் வாங்குங்கள். பண்ணைப் பாலத்திலோ பொன்னாலைப் பாலத்திலோ நின்று, நேர் கீழேயும் பார்க்காமல் தொடுவானத்தையும் பார்க்காமல் ஏறக்குறைய 40 பாகை கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு வடிகட்டியைச் சுழற்றுங்கள். தண்ணீரின் மேல் கிடக்கிற வானத்தின் பளபளப்பு ஒரு கட்டத்தில் துடைத்தாற்போல் போய்விடும், அடியில் புல்லும் மீன்பிடிக்க நட்ட களங்கண்டித் தடிகளின் அடிப்பாகமும் நண்டு ஓடின கோடும் தெரியும். இவ்வளவு ஆழம் குறைந்த கடலில் கால் நனையாமலே எடுக்கக்கூடிய நீருக்கடிப் படம் அது.

நேரக் கணக்கும் இரண்டுக்கும் எதிர். தரையில் காலையும் பின்னேரமும் நல்லது. தண்ணீருக்குள் அந்த நேரம் வீண், சரிந்த வெயிலில் கணிசமான பகுதி மேற்பரப்பிலேயே தெறித்துப் போய்விடும். காலை பத்தில் இருந்து பின்னேரம் இரண்டு வரை தண்ணீருக்குள் இறங்குங்கள். தரையில் அந்த நேரம் எடுத்தால் எல்லார் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு விழும், படமெடுக்கவே கூடாத நேரம். ஆக ஒரு நாளை அப்படியே பங்கு போட்டுவிடலாம். கடற்படை முகாம்கள் உள்ள இடங்களில் மட்டும் எந்த நேரமானாலும் கமெராவைப் பைக்குள் வையுங்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு இரண்டு சொல். உபரிப் பற்றரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது. கூடு கொண்டுவந்தால் அதன் பெரிய வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் அழுத்தம் மாறி இங்கே வந்து திறக்க முடியாமல் கத்தி தேடுவீர்கள்.

கடைசி வேலை கழுவுவது. கடலில் இருந்து ஏறியதும் கதவு எதையும் திறக்காமல் கமெராவை நன்னீருக்குள் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்தே எல்லாப் பொத்தானையும் அமத்தி அமத்தி எடுக்க வேண்டும், உப்பு பொத்தானுக்கு அடியில்தான் கல்லாகும். எங்கள் ஊரில் இதற்கு ஒரு சிக்கல், நன்னீர் எது என்பது. தீவுகளில் கிணறு பாதிக்கு மேல் உவர், குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் கமெரா குளிப்பாட்டத் தாருங்கள் என்று கேட்பது முறையில்லை, ஐந்து லீற்றர்ப் போத்தல் ஒன்றும் மூடியுள்ள ஒரு டப்பாவும் கொண்டுபோங்கள். வலிகாமத்துக் கிணறுகளில் தண்ணீர் நல்லதுதான், ஆனால் சுண்ணாம்பு, காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும். கழுவிவிட்டு லென்ஸை மட்டும் போத்தல் தண்ணீரால் இன்னொருக்கால் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். துவாய் வேண்டாம்.

போன வருடம் வந்த மச்சான் டிஜி-7 தான் கொண்டுவந்தார், நல்ல படமும் எடுத்தார். கடைசி நாள் நிலாவெளியில் இறங்கிவிட்டு அப்படியே துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார். இந்த ஆனியில் கோல் வந்தது. பற்றரிக் கதவு திறக்குதில்லையாம், ஸ்குரூ டிரைவரால் கிண்டினவராம், "வேற எந்தக் கமெரா வாங்கட்டும் மச்சான்?"